மூக்குச் சீரமைப்பு அறுவை: தோலுக்குக் கீழே நடப்பது

மருத்துவர்கள் ‘ரைனோபிளாஸ்டி’ என்று சொல்லும் மூக்குச் சீரமைப்பு, மூக்கின் எலும்பையும் குருத்தெலும்பையும் திருத்தி அதன் வடிவத்தையோ மூச்சுப் பாதையையோ மாற்றும் அறுவை சிகிச்சை. பல சமயம் இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. இதில் தோல் ஏறக்குறைய தொடப்படுவதே இல்லை. அது மேலே போர்த்திய துணி மாதிரி. வேலை முழுவதும் அதற்குக் கீழே இருக்கும் சட்டத்தில் நடக்கிறது. துணி தடிமனாக இருந்தால், சட்டத்தை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் வெளியே தெரியாது. மெல்லியதாக இருந்தால் சின்னப் பிசிறும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மருத்துவர், ஒரே முறையில், இரண்டு பேருக்குச் செய்த அறுவை இரண்டு விதமாக முடிவதற்கு முதல் காரணம் இதுதான்.

சட்டமும் போர்வையும்

மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு எலும்பு. மூக்குக்கண்ணாடி உட்காருவது அதன் மேல்தான். அங்கிருந்து விரலைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தால், கெட்டியாக இருந்தது ஓரிடத்தில் வளைந்துகொடுக்கத் தொடங்கும். எலும்பு முடிந்து குருத்தெலும்பு ஆரம்பிக்கும் இடம் அது. நடுப்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடுகள், நுனியில் வளைந்த இன்னொரு ஜோடி. இவை அனைத்தையும் உள்ளிருந்து தாங்குவது நடுச்சுவர். ஓட்டு வீட்டுக் கூரைக்கு முகட்டு உத்தரம் எப்படியோ, மூக்குக்கு நடுச்சுவர் அப்படி. அதன் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி மெல்லிய எலும்பு.

நடுப்பகுதித் தகடு நடுச்சுவரோடு சேருமிடத்தில் ஒரு குறுகிய கோணம் உண்டு. பாடநூல்கள் அதற்குச் சொல்லும் அளவு 10 முதல் 15 பாகை. உள்ளே போகும் காற்று அதிகத் தடையைச் சந்திப்பது இங்கேதான். மருத்துவர்கள் இதை ‘வால்வு’ என்கிறார்கள். மூக்கை ஒல்லியாக்கும் ஆசையில் இந்தக் கோணம் குறுகிவிட்டால், புகைப்படத்தில் அழகாகத் தெரியும் மூக்கு இரவில் மூச்சுவிட இடம் தராது. பழைய பாணி அறுவைகளில் இது அடிக்கடி நடந்தது. இன்றைய முறைகள் பலவும் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை.

தோலின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. புருவ நடுவிலும் நுனியிலும் தடித்திருக்கும். தண்டின் நடுவில், எலும்பும் குருத்தெலும்பும் சேருமிடத்தில், மெலிந்திருக்கும். தென்னிந்திய முகங்களில் எண்ணெய்ப்பசை கொண்ட தடித்த நுனித்தோல், அதன் கீழ் மெலிந்த குருத்தெலும்பு, சற்று அகன்ற நாசி மடல்கள் என்ற சேர்க்கை பரவலாகக் காணப்படுகிறது. இப்படிப்பட்ட மூக்கில் குருத்தெலும்பை வெட்டிக் குறைத்தால் நுனி கூர்மையாகாது. தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் மேலும் உருண்டுவிடும். தேவைப்படுவது உள்ளே முட்டுக்கொடுத்துத் தோலை நிமிர்த்துவது. வெளிநாட்டு நடிகையின் படத்தைக் காட்டி ‘இப்படி வேண்டும்’ என்று கேட்பவருக்கு நல்ல மருத்துவர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்.

பேச்சுவழக்கில் உள்ள பெயர்களும் இந்தச் சட்டத்தைத்தான் சுட்டுகின்றன. கிளி மூக்கு என்றால் தண்டின் மேடு: பாதி எலும்பு, பாதி குருத்தெலும்பு. சப்பை மூக்கு என்றால் தண்டின் உயரக் குறைவு. குடைமிளகாய் மூக்கு என்பது நுனிக் குருத்தெலும்பின் அகலமும் தோலின் தடிமனும் சேர்ந்தது. கோணல் மூக்குக்குக் காரணம் பெரும்பாலும் வளைந்த நடுச்சுவரோ, சிறுவயதில் பட்டு மறந்துபோன அடியோதான். மேட்டைக் குறைப்பது இவற்றில் ஓரளவு எளிது. மிகக் கடினம் கோணலை நேராக்குவது. குருத்தெலும்புக்குப் பழைய வளைவுக்கே திரும்பும் குணம் உண்டு.

அறுந்த மூக்கிலிருந்து தொடங்கிய கலை

இந்த அறுவையின் வரலாறு அழகில் தொடங்கவில்லை, அவமானத்தில் தொடங்கியது. மூக்கறுப்பது ஒரு தண்டனையாக இருந்த நாடு இது. ‘மூக்கறுபட்டான்’ என்ற சொல் இன்றும் தலைக்குனிவையே குறிக்கிறது. திருமலை நாயக்கர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்ததும், மதுரைப் படை பதிலுக்கு அதையே செய்ததும் ‘மூக்கறு போர்’ என்று பெயர் பெற்றன. அறுபட்டவர்கள் இருந்த இடத்தில் ஒட்டவைப்பவர்களும் உருவானார்கள். மிகப் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையே அதற்கு ஒரு முறை சொல்கிறது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத்துத் தோலைக் காம்போடு பெயர்த்து மூக்கில் பொருத்த வேண்டும். மூச்சு தடைபடாமல் இருக்க இரண்டு குழல்களை வைக்கவும் அந்த நூல் சொல்கிறது. வடிவம் வேறு, மூச்சு வேறு என்று பிரிக்காத அந்தப் பார்வை இன்றைய சில விளம்பரங்களைவிட முதிர்ச்சியானது.

1792-ல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதழில் படத்துடன் வெளிவந்த இந்தச் செய்தி ஐரோப்பிய மருத்துவர்களை உலுக்கியது. அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814-ல் லண்டனில் அதே முறையில் அறுவை செய்து, 1816-ல் நூலாக எழுதினார். நெற்றித் தோலை இறக்கும் அந்த உத்தி, புற்றுநோயாலோ விபத்தாலோ மூக்கை இழந்தவர்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

குறையில்லாத மூக்கை அழகுக்காகத் திருத்தும் வழக்கம் வெகு பின்னால் வந்தது. 1887-ல் அமெரிக்காவின் ஜான் ஆர்லாண்டோ ரோ மூக்கின் உள்வழியாகவே நுனியைத் திருத்தினார். 1898-ல் பெர்லினில் ஜாக் ஜோசப், பெரிய மூக்கினால் வெளியே தலைகாட்ட வெட்கப்பட்ட ஒருவருக்கு அதைச் சிறிதாக்கிக் கொடுத்தார். மனச்சங்கடமும் அறுவைக்கு ஒரு நியாயமான காரணம் என்று அவர் வாதிட்டார்.

மூச்சுப் பிரச்சினையைப் பிரித்தறிதல்

‘மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது’, ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்று இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். முதலாவது நடுச்சுவரின் வளைவு. அதை மட்டும் நேராக்கும் அறுவைக்கு ‘செப்டோபிளாஸ்டி’ என்று பெயர். அது உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடும், வெளித்தோற்றம் மாறாது. இரண்டாவது, பக்கச் சுவரில் எல்லோருக்கும் இயல்பாகவே உள்ள மடிப்புகள் வீங்கியிருப்பதாகவோ உண்மையான சதைக்கட்டியாகவோ இருக்கலாம். தூசி ஒவ்வாமையால் வரும் அடைப்புக்கு மருந்துதான் முதல் வழி. மூக்கை நேராக்கியதால் தும்மல் நிற்காது. வடிவத்தையும் மூச்சையும் ஒரே மேசையில் சரிசெய்யும் அறுவை ‘செப்டோரைனோபிளாஸ்டி’. வடிவத்துக்காக மட்டும் வருபவருக்கும் மூக்கின் உட்புறத்தைப் பார்க்காமல் தேதி குறிப்பது சரியான மருத்துவம் ஆகாது.

யாருக்கு, எப்போது

முக வளர்ச்சி முடியும் வரை காத்திருப்பது பொது விதி. பெண்களுக்கு ஏறக்குறைய 15, 16 வயது, ஆண்களுக்கு ஓரிரு ஆண்டு கூடுதல். மூச்சு விடவே முடியாத குழந்தை, உதடு அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தை ஆகியோர் இதற்கு விலக்கு. அவர்களுக்கான கால அட்டவணை வேறு. மேல் வயதுக்கு வரம்பு இல்லை, உடல்நிலைதான் வரம்பு.

கல்யாணத்தை முன்னிட்டு வருபவர்கள் இங்கே அதிகம். முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அறுவை செய்துகொள்வது நல்ல கணக்கல்ல. மணமேடையில் இருப்பது வீக்கம் முழுதும் வடியாத மூக்காகத்தான் இருக்கும். ஓராண்டு இடைவெளி உத்தமம், ஆறு மாதம் குறைந்தபட்சம். மூக்குத்தியை அறுவைக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். எப்போது திரும்ப அணியலாம் என்பதை மருத்துவர் சொல்வார். நாசி மடலைக் குறைத்திருந்தால் காத்திருப்பு நீளும், துளை இருக்கும் இடமும் சற்று நகரலாம். புதிதாக மூக்குக் குத்துவதாக இருந்தால் அறுவை ஆறிய பிறகு செய்வதே முறை.

மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையை நாளுக்குப் பலமுறை கண்ணாடியில் பார்த்து, அதனாலேயே வேலையையும் உறவுகளையும் விட்டு ஒதுங்குபவர்கள் உண்டு. உடல் தோற்றம் குறித்த அந்த மனநோய்க்கு அறுவை மருந்தல்ல; எத்தனை முறை திருத்தினாலும் திருப்தி வராது, கவலை அடுத்த உறுப்புக்குத் தாவும். அப்படிப்பட்டவரை மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பது அறுவை மருத்துவரின் கடமை. பெற்றோரோ வருங்காலத் துணையோ வற்புறுத்தி அழைத்துவருபவருக்கும் கத்தியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

முதல் சந்திப்பு

இதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். மருத்துவர் மூக்கை விரலால் அழுத்தி நுனியின் பலத்தைப் பார்ப்பார். கன்னத்தைப் பக்கவாட்டில் இழுத்து மூச்சு எளிதாகிறதா என்று கேட்பார். தேவைப்பட்டால் உள்நோக்கிக் கருவியால் பார்ப்பார். நேராக, இரு பக்கவாட்டில், சாய்வாக, கீழிருந்து, சிரித்தபடி என்று படங்கள் எடுப்பார். சிரிக்கும்போது நுனி கீழே இறங்குகிறதா என்பது கடைசிப் படத்தில் தெரியும். மோவாய் உள்ளே தள்ளியிருந்தால் சாதாரண மூக்கும் பெரிதாகத் தோன்றும். திருத்த வேண்டியது மோவாய்தான் என்று முடிகிற சந்திப்புகளும் உண்டு.

கணினியில் மாற்றிக் காட்டப்படும் முகம், இருவருக்கும் ஒரே நோக்கம்தானா என்று தெரிந்துகொள்ள உதவும் கருவி, அவ்வளவே. அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு பிறகு வாதாட முடியாது. கணினிக்குத் தோலின் தடிமனும் தழும்பின் போக்கும் தெரியாது.

சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின், இபுப்ரோபென், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகள், சில நாட்டு மருந்துகள் ஆகியவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. அறுவைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. சிகரெட் தோலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நான்கு வாரமாவது முன்னதாக விட வேண்டும். மூக்குப்பொடியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அறுவை எப்படி நடக்கிறது

வழிகள் இரண்டு. மூடிய முறையில் கீறல்கள் எல்லாம் நாசித் துவாரத்துக்கு உள்ளேயே இருக்கும், வெளியே தழும்பு வராது. திறந்த முறையில் இரு துவாரங்களுக்கு நடுவே உள்ள தூணில் ஒரு சிறு கீறல் கூடுதலாகப் போட்டு, தோலை மேலே தூக்கிச் சட்டத்தை நேரடியாகப் பார்ப்பார்கள். அந்தத் தழும்பு சில மாதங்களில் தேடினால்தான் தெரியும். மேட்டை மட்டும் குறைக்க மூடிய முறை போதும். நுனி வேலை, கோணல், இரண்டாம் முறை அறுவை ஆகியவற்றுக்குத் திறந்த முறையைப் பலர் விரும்புகிறார்கள். எது உயர்ந்தது என்ற விவாதம் மருத்துவர்களுக்குள் ஓயவில்லை. நோயாளி அதில் பக்கம் சேர வேண்டியதில்லை. தமக்குக் கைவந்த முறையில் செய்பவரே நல்ல தேர்வு.

மேட்டைச் செதுக்கி எடுத்ததும் தண்டின் மேல் ஒரு திறப்பு விழும், ஓடு பிரித்த கூரை மாதிரி. பக்கத்து எலும்புகளை அளவாக உடைத்து உள்நோக்கித் தள்ளி அதை மூடுவார்கள். ‘மூக்கை உடைப்பார்களாமே’ என்ற அச்சத்துக்கு மூலம் இதுதான். உளியால் செய்த இந்த வேலையைச் சில இடங்களில் இப்போது மீயொலிக் கருவி செய்கிறது. மேட்டை மேலிருந்து செதுக்காமல், அடியில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு முழுத் தண்டையும் கீழே இறக்கும் ‘பாதுகாப்பு முறை’ அண்மை ஆண்டுகளில் மீண்டும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. வால்வுக் கோணம் குறுகாமல் இருக்க, நடுச்சுவருக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே தீக்குச்சி போன்ற குருத்தெலும்புத் துண்டுகளைச் செருகுவதும் உண்டு. நுனியைப் பெரும்பாலும் தையலால் வடிவமைக்கிறார்கள். வெட்டி எறியும் காலம் போய்விட்டது.

முட்டுக்கும் உயரத்துக்கும் வேண்டிய குருத்தெலும்பு நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கப்படும். முதல் தேர்வு நடுச்சுவர். அதிலும் தண்டை ஒட்டியும் முன்னோரத்திலும் குறைந்தது 1 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சட்டம் விட்டுவைக்க வேண்டும். அது போனால் உத்தரம் போன மாதிரி, மூக்கு சேணம்போல் நடுவில் குழிந்துவிடும். நடுச்சுவரில் கிடைப்பது போதாவிட்டால் காதுக் குழியிலிருந்து எடுக்கலாம். காதின் வடிவம் கெடாது. நிறையத் தேவைப்பட்டால் விலா. விலாக் குருத்தெலும்புக்கு வளைந்துகொள்ளும் குணம் உண்டு, நெஞ்சில் தழும்பும் சில நாள் வலியும் சேரும். சிலிகோன் துண்டை வைப்பது சுலபம், நேரமும் மிச்சம். ஆனால் அது ஆண்டுகள் கழித்தும் சீழ் பிடிக்கலாம், தோலைத் துளைத்து வெளியே வரலாம். எந்தப் பொருள் வைக்கப்போகிறார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

முழு மயக்கத்தில், பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அறுவை முடியும். அன்றே வீடு திரும்புபவர்களும் உண்டு, ஓரிரவு தங்குபவர்களும் உண்டு.

ஆறும் காலம்

முதல் சில நாள் வலியைவிட அடைப்புதான் தொல்லை. வாயால் மூச்சு விடுவதால் நாக்கு வறளும். கண்ணைச் சுற்றிய கருநீலம் இரண்டு, மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மறையும். பஞ்சு வைத்திருந்தால் ஓரிரு நாளில் எடுப்பார்கள். மேலே ஒட்டிய அச்சு ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும், அது நனையக் கூடாது. தலையை உயர்த்தி மல்லாந்து படுப்பது, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போடுவது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முவது எல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் பலன் பெரிது. இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. அடைப்பு என்றதும் ஆவி பிடிப்பது நம் வீட்டுப் பழக்கம். இங்கே மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்யக் கூடாது, சூடு ரத்தக்கசிவைக் கிளப்பும்.

ஒன்றிரண்டு வாரத்தில் அலுவலகம் போகலாம். மூக்குக்கண்ணாடி தண்டின் மேல் அழுந்தாமல் நான்கு முதல் ஆறு வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை கான்டாக்ட் லென்ஸோ, கண்ணாடிச் சட்டத்தை நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் ஏற்பாடோ உதவும். உடற்பயிற்சிக்கு மூன்று, நான்கு வாரம். கபடி போல் முகத்தில் அடிபடக்கூடிய ஆட்டங்களுக்கு மாதக்கணக்கில் தடை. வீக்கத்தின் பெரும்பகுதி மூன்று மாதத்தில் வடிந்தாலும், நுனியின் இறுதி வடிவம் தெரிய ஓராண்டு ஆகும். தடித்த தோலில் அதற்கும் மேல். நுனி மரத்தாற்போல் இருப்பதும், காலையில் சற்று உப்பி மாலையில் வடிவதும் இந்தக் காலத்தில் இயல்பு. முதல் மாதத்தில் கண்ணாடி முன் நின்று தீர்ப்பு எழுதுபவர்கள் வீணாகக் கலங்குகிறார்கள்.

கலங்க வேண்டிய அறிகுறிகள் வேறு. நாளுக்கு நாள் கூடும் வலி, காய்ச்சல், நிற்காத ரத்தம், உள்ளே நடுச்சுவர் இருபுறமும் உப்பி மூச்சு அறவே நின்றுபோவது. கடைசியில் சொன்னது ரத்தக்கட்டாக இருக்கலாம். அதை உடனே வடிக்காவிட்டால் குருத்தெலும்புக்கு ஊட்டம் போகாமல் சில நாளில் அது செத்துப்போகும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாத நிலை அது.

சரியாக அமையாதபோது

சீழ், நடுச்சுவரில் ஓட்டை, இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாமை, மூச்சுத் தடை, நுனிக்கு மேல் கிளியலகு மாதிரி ஒரு மேடு: இவை அறியப்பட்ட பின்விளைவுகள். வாசனை குறைவது பெரும்பாலும் தற்காலிகம். இரண்டாம் அறுவை தேவைப்படுவோர் 5 முதல் 15 சதவீதம் என்பது மருத்துவ நூல்களில் பரவலாகக் காணும் மதிப்பீடு. திறமைசாலிகளின் கையிலும் இது நடக்கும். ‘என்னிடம் செய்தவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை’ என்று ஒருவர் சொன்னால், அவர்கள் வேறிடம் போயிருக்கலாம் என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டாம் அறுவைக்குக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

கத்தியில்லாமல் ஊசியால் மூக்கை உயர்த்துவதாகச் சொல்லும் ‘ஃபில்லர்’ சிகிச்சை வேறு வகை. ஹையலுரோனிக் அமிலக் கூழைத் தோலடியில் செலுத்திச் சிறு குழிவை மறைக்கலாம். மூக்கைச் சிறிதாக்க அதனால் முடியாது, சில மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுக்குள் அது கரைந்தும் விடும். சுலபமானது என்பதால் ஆபத்தில்லாதது என்று எண்ணக் கூடாது. கூழ் ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். கரைக்கும் மருந்து கைவசம் இல்லாத அழகு நிலையத்தில் இதைச் செய்துகொள்வது விபரீதம்.

மருத்துவர், செலவு, காகிதங்கள்

இந்தியாவில் இந்த அறுவையைச் செய்பவர்கள் பொதுவாகப் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவர்கள், அல்லது எம்.எஸ். முடித்து முகச் சீரமைப்பில் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணர்கள். ‘காஸ்மெடாலஜிஸ்ட்’ என்ற பலகை மட்டும் போதாது. மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். மயக்க மருத்துவர் யார், ஓராண்டுக்குப் பிறகு எடுத்த படங்களைக் காட்ட முடியுமா, திருத்தம் தேவைப்பட்டால் கட்டணம் எப்படி என்பவை கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை.

மருத்துவக் காப்பீடு அழகுக்கான அறுவையை ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கும், மருத்துவத் தேவை என்று சான்றளிக்கப்பட்ட சிகிச்சைக்கும் விலக்கு உண்டு. ஜி.எஸ்.டி. விதியும் இதே கோட்டில்தான் பிரிகிறது: பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் காரணமான சீரமைப்புக்கு வரி இல்லை, அழகுக்கான அறுவைக்கு 18 சதவீதம். ஒரே அறுவையில் இரண்டும் சேர்ந்திருந்தால் மூச்சுக்கான பகுதியைத் தனியாகக் காட்டி மதிப்பீடு தர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது.

மருத்துவமனையை விட்டு வரும்போது பலர் பில்லையும் மருந்துச் சீட்டையும் மட்டுமே வாங்கிக்கொள்கிறார்கள். அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டுப் பெற வேண்டும். குருத்தெலும்பு எங்கிருந்து எடுக்கப்பட்டது, நடுச்சுவரில் எவ்வளவு மீதி இருக்கிறது, செயற்கைப் பொருள் ஏதும் வைக்கப்பட்டதா என்பவை அதில்தான் இருக்கும். பத்தாண்டு கழித்து மூக்கில் அடிபட்டு வேறு ஊரில் வேறு மருத்துவர் திறக்க நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.